மலையா, கடற்கரையா: டர்பனிலிருந்து கிராமங்கள் வழியே ஒரு குதிரைப் பயணம்

செப்டம்பர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறையில் மூன்று நான்கு நாட்கள் குதிரையில் ஏறிக் கிராமங்கள் வழியாகப் போய்வர வேண்டும் என்ற பேச்சு, சென்ற தீபாவளியன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் என் தங்கை வீட்டுக் கொல்லையில் தொடங்கியது. பேசும்போது எல்லோருக்கும் ஒரே கனவு இருப்பதாகத் தோன்றியது. வரைபடத்தை விரித்த பிறகுதான், ஒருவர் கடற்கரையையும் ஒருவர் பனிமலையையும் மூன்றாமவர் பாறை ஓவியங்களையும் நினைத்துக் கொண்டிருந்தது தெரிந்தது. கடந்த சில மாதங்களில் கேட்டும் படித்தும் ஓரளவு நேரில் பார்த்தும் நான் திரட்டியவற்றை, இதே யோசனையில் இருக்கும் நம்மவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எந்தப் பாதை நல்லது என்ற கேள்விக்கு யார் போகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடை கூற முடியாது. மொத்தம் ஆறு பேர்: ஐம்பத்து நான்கு வயதான நான், தங்கை, மாப்பிள்ளை, பதினைந்து வயதான அவர்கள் மகள், சித்தப்பாவின் மகன்கள் இருவர். இவர்களில் முறையாகச் சவாரி கற்றவள் மருமகள் ஒருத்திதான். மற்றவர்களுக்குக் குதிரையோடு உள்ள உறவு, 1897 முதல் நடந்துவரும் டர்பன் ஜூலைப் பந்தயத்தன்று கிரேவில் மைதானத்து வேலிக்கு வெளியே பிரியாணிப் பாத்திரத்தோடு நின்றதோடு முடிந்துவிடுகிறது. மாப்பிள்ளையின் எடை 108 கிலோ. விடுமுறை விழுவதோ புரட்டாசி மாதத்தில். தங்கை வீட்டில் அந்த மாதம் முழுவதும் கவிச்சி கிடையாது.

எங்கள் முன் நின்ற வழிகள் மூன்று. முதலாவது, அண்டர்பெர்க் வட்டாரத்திலிருந்து டிராக்கென்ஸ்பெர்க் மலையில் ஏறி, புஷ்மன்ஸ் நெக் வழியாக அண்டை நாடான லெசோத்தோவின் செஹ்லாபத்தேபே தேசியப் பூங்காவுக்குச் செல்வது. இரண்டாவது, போர்ட் எட்வர்டுக்குத் தெற்கே ம்டம்வூனா ஆற்றைக் கடந்து, ம்சாம்பாவிலிருந்து ம்டென்டு முகத்துவாரம் வரை வைல்ட் கோஸ்ட் கரையோரமாக ம்பொண்டோ மக்களின் ஊர்கள் வழியே செல்வது. மூன்றாவது, லெசோத்தோவின் மேற்கில் உள்ள மலேயாலேயாவிலிருந்து உள்மலைக்குப் போவது. சானி கணவாய் வழியாக ஏறி உச்சியில் ஒரு மணி நேரம் குதிரையேறி இறங்கும் ஏற்பாட்டையும் சிலர் சொன்னார்கள். 2,800 மீட்டருக்கு மேலான அந்த உச்சியின் அழகில் குறையில்லை, ஆனால் அது கிராமங்கள் வழியே போகும் பயணம் ஆகாது என்பதால் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டோம்.

மலைப் பூங்காவின் வழி

மூன்றில் வீட்டுக்கு மிக அருகில் இருப்பது அண்டர்பெர்க்தான். டர்பனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரம், நல்ல சாலை, வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உறவினர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டும் போகலாம். 2000இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டு, 2013இல் செஹ்லாபத்தேபேயையும் உள்ளடக்கி இரு நாட்டுக் களமாக விரிந்த இம்மலைத்தொடரில், இப்பகுதியின் ஆதிக்குடிகளான சான் மக்கள் குகைச் சுவர்களில் தீட்டிய ஓவியங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. புஷ்மன்ஸ் நெக் எல்லைச் சாவடியில் வண்டி கடக்கச் சாலையே இல்லை. குதிரையிலோ கால்நடையாகவோதான் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி அப்பால் செல்ல வேண்டும். இப்படி ஒரு நாட்டுக்குள் நுழையும் வாய்ப்பு நம் பக்கத்தில் வேறெங்கும் எளிதில் அமையாது என்பதால், சித்தப்பா மகன்களில் மூத்தவன் இதற்காகவே கடைசிவரை வாதாடினான்.

நான் மறுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஏற்றம் செங்குத்தானது என்பதால் முன்பே சவாரி பழகியவர்கள்தான் அவ்வழியில் போகலாம் என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, அந்த வழி ஏறக்குறைய முழுவதும் காப்பு நிலத்திற்குள்ளேயே செல்கிறது என்பது. ஒரு காலத்தில் சான் மக்கள் வாழ்ந்த பள்ளத்தாக்குகளில் இன்று மனிதக் குடியிருப்பு இல்லை. ஜூலு, அமாஹ்லுபி, அமான்க்வானே மக்களின் ஊர்கள் பூங்கா எல்லைக்குக் கீழே, பாதையிலிருந்து விலகிக் கிடக்கின்றன. மனிதரைப் பார்க்கப் புறப்பட்டவர்கள் வெறும் மலையைப் பார்த்துத் திரும்புவதில் பொருள் இல்லை. மலையை மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் கடிவாளம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும் இதைவிட நல்ல வழி நம் மாகாணத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடலோர வழி

வைல்ட் கோஸ்ட் வழியை இப்படி எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. போர்ட் எட்வர்ட் டர்பனிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர்தான். ம்டம்வூனா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியவுடன் நிலத்தின் தோற்றமே மாறுகிறது: வேலியில்லாத புல்மேடுகள், அவற்றின் மேல் சிதறிய வட்ட வீடுகள், பலவற்றின் சுவர்களில் கடல்நீலமும் பச்சையும் கலந்த பூச்சு. 1990களின் பிற்பகுதியில், ம்பொண்டோக்களில் ஒரு பிரிவினரான அமாடிபா மக்கள், குதிரையும் நடையும் சேர்ந்த ஒரு பாதையை இக்கரையில் தாங்களே தொடங்கினார்கள். குதிரை ஊராருடையது, வழிகாட்டி ஊர்ப் பிள்ளை, இரவுத் தங்கலும் ஊராரின் பொறுப்பில் என்பது அதன் அமைப்பு. அதன் பிறகு இக்கரையில் வெளியாரும் உள்ளூராருமாகப் பலர் இதே தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். ஆகவே பணம் கட்டுமுன், குதிரை யாருடையது, இரவு யார் வீட்டில், பணத்தில் ஊருக்குப் போவது எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுவது நல்லது. கேள்வி பிடிக்காதவர்கள் தரும் விடையிலேயே வேண்டியது தெரிந்துவிடும்.

இக்கரையில் கால் வைக்கிறவர்கள் அந்த மண்ணுக்காக நடந்த வழக்கையும் அறிந்திருக்க வேண்டும். சொலோபேனி மணல்மேடுகளில் டைட்டேனியத் தாது தோண்ட வந்த நிறுவனத்தை எதிர்த்து அமாடிபா மக்கள் பல ஆண்டுகளாகப் போராடினார்கள். அப்போராட்டத்தின் தலைவர் சிகோசிபி ரதேபே 2016 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018 நவம்பரில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம், அம்மக்களின் முழுமையான, விவரமறிந்த ஒப்புதல் இல்லாமல் அங்கே சுரங்க உரிமை வழங்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சுரங்கம் வேண்டாம் என்றவர்கள் அதற்கு மாற்றாகச் சுட்டிக்காட்டிய பிழைப்புகளில் ஒன்று இந்தக் குதிரைப் பாதை. எனவே அங்கே ஓர் இரவு தங்கிப் பணம் கொடுப்பது, நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், ஒரு பக்கத்தின் வாதத்திற்கு வலுச் சேர்க்கிறது. எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் ஊருக்குள் இன்னும் இரு கருத்தும் உண்டு என்பதால், விருந்தினராகப் போகிறவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொள்வதே முறை.

மற்றொரு செய்தியும் என்னை இக்கரையோடு கட்டிப்போட்டது. 1782 ஆகஸ்ட் 4ஆம் நாள், சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த குரோவ்னர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் இதே பொண்டோலாந்துப் பாறைகளில் மோதி உடைந்தது. அதில் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகளும் இருந்தார்கள். நம் முன்னோரை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்ததற்கு எழுபத்தெட்டு ஆண்டுகள் முன்பே, சென்னையில் கப்பலேறியவர்கள் இக்கரையில் ஈர உடையோடு நின்றிருக்கிறார்கள். ம்டென்டு, ம்சிகாபா ஆறுகளின் வடகரைகளில் மட்டுமே இயற்கையாக வளரும் ஒரு சிறு தென்னையினம் உண்டு. கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதான அதன் காய்க்குள்ளும் தேங்காய்ப் பருப்பு இருக்கும். பயணத்தை முடிவு செய்ய இது காரணமாகாது என்று தங்கை சொன்னது சரிதான். இருந்தாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

எங்கள் கணக்கில் கடலோர வழிக்கு மூன்று பலங்கள் இருந்தன. முதலாவது மொழி. டர்பனில் வளர்ந்த நாம் கடையிலும் வேலையிடத்திலும் பழகிய ஜூலு மொழி, இக்கரையில் பேசப்படும் கோசாவுக்கு உறவுமொழி என்பதால், வழிகாட்டி இல்லாத நேரத்திலும் ஒரு பாட்டியோடு நாலு வார்த்தை பேச முடியும். லெசோத்தோவில் பேசப்படும் செசோத்தோவில் அது நடக்காது. இரண்டாவது, தரை பெரும்பாலும் மேடுபள்ளம் குறைந்த புல்வெளியும் ஈரமணலும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கத்தின் துன்பம் இல்லை. மூன்றாவது, நடப்பவர்களும் சவாரி செய்பவர்களும் ஒரே பாதையில் சேர்ந்து செல்லும் வழக்கம் அங்கே முன்பே உள்ளது. மாப்பிள்ளையின் எடைக்கு அது பெரிய ஆறுதல்.

பலவீனங்களும் இல்லாமல் இல்லை. பாதை கரையை ஒட்டியே ஓடுவதால் பகல் முழுவதும் கண்ணில் படுவது கடலும் கழிமுகமும்தான். ஊர்கள் மேட்டின் பின்னால் இருக்கின்றன, மாலையில் தங்குமிடத்துக்குத் திரும்பும்போதே மனிதர்களைச் சந்திக்கிறோம். ஆறுகளைக் கடப்பது கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. ஓதம் ஏறியிருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இல்லையேல் இடுப்பளவு நீரில் இறங்க வேண்டும். பழகாதவர்கள் ஏறியிருக்கும் குதிரை நீரில் நீந்தத் தொடங்கினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. பரந்த மணலைக் கண்டவுடன் குதிரைகள் தாமாகவே ஓட்டமெடுக்க விரும்பும் என்பதும் கவனிக்கத்தக்கது. மருமகளுக்கு அது இன்பம், எனக்கு அது எலும்பு முறிவு.

உள்மலை வழி

மலேயாலேயாவுக்குப் போவது கடினம்தான். டர்பனிலிருந்து ஹாரிஸ்மித், பெத்லஹேம் வழியாக மசேரு வரையே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அதன்பின் மொரிஜாவைத் தாண்டித் தெற்கே சென்று, கடைசியில் ஒரு மண்சாலைக் கணவாயில் ஏறி இறங்க வேண்டும். ஒரு முழுப் பகல் காரிலேயே கழியும், திரும்பும்போதும் அப்படியே. நான்கு நாள் விடுமுறை என்றால் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். எங்களுக்கு ஏழு நாட்கள் இருந்ததால்தான் இது போட்டியில் நின்றது.

அந்த நீண்ட சாலைக்கு ஈடாகக் கிடைப்பதைச் சொல்கிறேன். லெசோத்தோவின் எந்தப் பகுதியும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டருக்குக் கீழே இல்லை. உள்மலையின் பல ஊர்களுக்கு இன்றும் கார் போகாது. மாவு அரைக்க மக்காச்சோள மூட்டையை ஆலைக்குக் கொண்டுபோவது, நோயாளியை மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்வது, சாவு வீட்டுக்குப் போவது எல்லாம் குதிரையில் அல்லது கழுதையில்தான். 1653இல் டச்சுக் கம்பெனி ஜாவாவிலிருந்து கேப்டவுனுக்குக் கப்பலில் இறக்கிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் 1830களில் இம்மலைக்கு வந்து சேர்ந்தன. மோஷோஷோ அரசரின் மக்கள் ஒரே தலைமுறையில் குதிரைவீரர்கள் ஆனார்கள். குளிரும் செங்குத்தும் பஞ்சமும் சேர்ந்து அந்தக் குதிரைகளைக் குட்டையாகவும் உறுதியாகவும் மாற்றின. அவைதான் இன்றைய பசோத்தோ குதிரைகள். தளர்ந்த கற்களின் மீது கால் வைக்கும் இடத்தைத் தாமே தேர்ந்தெடுக்கும் அவற்றின் முதுகில், பழகாத மனிதர் செய்ய வேண்டிய முதல் வேலை கடிவாளத்தை இழுக்காமல் சும்மா இருப்பதே.

இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கடலோரத்திலும் ம்பொண்டோ மக்கள் குதிரை வளர்க்கிறார்கள், பந்தயமும் விடுகிறார்கள். ஆனால் கடற்கரை மணலில் வரிசையாகப் போகும் சவாரிக் கூட்டம் அங்கே சுற்றுலாவுக்கென்றே உண்டானது. லெசோத்தோவின் மலைப்பாதையோ ஊராரின் சாலை. போர்வை போர்த்திய ஒருவர் எதிரே குதிரையில் வருவார். நாம் குறுகலில் ஒதுங்கி நிற்போம். வணக்கம் என்ற பொருளில் ‘டுமெலா’ என்பார், நாமும் ‘டுமெலா’ என்போம். அந்தச் சாலையில் குதிரைமேல் இருப்பவர் ஒரு வழிப்போக்கர், அவ்வளவுதான். காரில் வந்திறங்கிப் பார்ப்பவரைவிட நம்மை இயல்பாக ஏற்றுக்கொள்ள அது ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

மலேயாலேயாவில் குதிரைகள் சுற்றுவட்டாரக் கிராமத்தாருடையவை. விடுதி ஏற்பாடு செய்கிறது, உரிமையாளர்கள் முறைவைத்துக் குதிரை அனுப்புகிறார்கள். ஒரு மணி நேரச் சவாரியிலிருந்து, மலைகளைத் தாண்டி செமொன்கொங் வரை செல்லும் ஆறு நாள் பயணம் வரை பல அளவுகளில் உண்டு. ஆறு நாள் வழியில் ரிபானெங், கெட்டானே அருவிகளைக் கண்டு, கடைசியில் 192 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழும் மலெட்சுன்யானே அருவியை அடையலாம். செமொன்கொங் என்றால் புகையின் இடம், அருவியின் நீர்ப்புகையால் வந்த பெயர். இரவுகளில் கிராமத்து வட்டக் குடிசையில் மெத்தையும் எரிவாயு அடுப்பும் பாத்திரமும் கிடைக்கும். உணவையும் உறங்கும் பையையும் நாம் கொண்டுபோக வேண்டும், மூட்டைகளைச் சுமைக் குதிரை சுமக்கும்.

ஆறு நாள் வழியைத்தான் முதலில் பேசினோம். நான் அதை எதிர்த்தேன். போகவர இரண்டு பகல் காரில் கழிந்தால் ஏழு நாட்களுக்குள் அது அடங்காது என்பதோடு வேறு காரணமும் உண்டு. பழகாதவர்களுக்கு முதல் நாள் மாலையில் தொடையின் உட்புறம் உரிந்து எரியும், இரண்டாம் நாள் காலையில் இடுப்பு மடங்காது. மூன்றாம் நாள் உடல் வழிக்கு வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வராதவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், நடுமலையிலிருந்து திரும்ப வேறு வாகனம் கிடையாது. ரிபானெங் வரை போய்த் திரும்பும் குறுகிய பயணத்தில் அந்த ஆபத்து இல்லை. பெரிய அருவியைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள், மசேருவிலிருந்து தார்ச்சாலை வழியாக செமொன்கொங்குக்குக் காரில் போய் அங்கிருந்து ஒரு நாள் சவாரி செய்யலாம். அது ஒன்றும் குறைவான பயணமல்ல.

எடை, சேணம்

சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 80 கிலோ. பசோத்தோ குதிரை உறுதியானது, கொஞ்சம் கூடினாலும் தாங்கும் என்று சொல்பவர்கள் உண்டு, அது தாங்கவும் செய்யும், மறுநாள் அதன் முதுகைப் பார்க்க நாம் அங்கே இருக்கமாட்டோம். எல்லா ஏற்பாட்டாளர்களும் ஓர் எடை வரம்பு வைத்திருப்பார்கள். கேட்காதவரிடம் போகாமல் இருப்பதே நல்லது. மாப்பிள்ளை தாமாகவே நடந்து வருவதாகச் சொல்லிவிட்டார். மலைப்பாதையில் குதிரைகள் போவது நடை வேகத்தில்தான், இறக்கங்களில் மற்றவர்களும் இறங்கிக் குதிரையைப் பிடித்து நடக்கத்தான் போகிறார்கள் என்பதால் அவர் பின்தங்க வாய்ப்புக் குறைவு.

சேணத்தைப் பற்றி ஒரு சொந்த அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணையில் இரண்டு மணி நேரச் சவாரிக்குப் போனபோது, வயிற்றுவாரை இறுக்கிச் சரிபார்க்காமலே என்னை ஏற்றிவிட்டார்கள். முதல் மேட்டிலேயே சேணம் பக்கவாட்டில் சுழன்றது, நான் புதரில் கிடந்தேன். குதிரை நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஏறிய பத்து நிமிடத்தில் இறங்கி வாரை மீண்டும் இறுக்கச் சொல்வது என் வழக்கம். அங்கவடியின் நீளத்தையும் அப்போதே சரிசெய்து கொள்ளலாம். தலைக்கவசம் எல்லா இடத்திலும் கிடைக்காது, கிடைத்தாலும் அளவு பொருந்தாது. சவாரி செய்யும் ஐவருக்கும் சொந்தமாகவே வாங்குகிறோம்.

பருவமும் புரட்டாசியும்

எந்த மாதம் என்பதைப் பொறுத்து விடையே மாறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லெசோத்தோவில் பனி பெய்யும். நவம்பரிலிருந்து மார்ச் வரை பிற்பகல் இடிமழையும் மின்னலும் வெட்டவெளி முகடுகளில் உண்மையான ஆபத்து. மார்ச், ஏப்ரல் மாதங்கள் மிக நல்லவை, ஆனால் ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் யாரும் ஊரைத் தாண்டமாட்டார்கள். கடலோரத்தில் ஏப்ரல் கடைசியும் மே மாதமும் வறண்டு இதமாக இருக்கும். ஜூன், ஜூலையிலும் டிசம்பரிலும் கோசா மொழி பேசும் பகுதிகளில் இளைஞர்கள் முழு ஆண்மகன்களாக ஏற்கப்படும் சடங்குக் காலம். உடலில் வெண்களிமண் பூசிய பிள்ளைகள் ஊருக்கு வெளியே குடில்களில் இருப்பார்கள். அவர்களை நெருங்குவதோ படமெடுப்பதோ பெருங்குற்றம். லெசோத்தோவிலும் இத்தகைய சடங்கில் இருக்கும் இளைஞர்களைக் கண்டால் வழிவிட்டு விலகிப் போக வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் கடலோரத்தில் காற்றும் முதல் மழையும் தொடங்கியிருக்கும். லெசோத்தோவில் இரவு கடுங்குளிர், பகல் தெளிவு, புல் இன்னும் பழுப்பு. ஆனால் பள்ளத்தாக்குகளில் பீச் மரங்கள் பூத்திருக்கும், இலையில்லாத மலையில் வீட்டுக்கு வீடு இளஞ்சிவப்பு. மாதத்தைப் பொறுத்தவரை மலைதான் வெல்கிறது.

உணவிலும் அப்படியே. கடலோரத்தில் விருந்தினருக்குச் செய்யும் மரியாதை சிப்பியும் கல்லிறாலும். புரட்டாசியில் அதை மறுப்பதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவிட்டால் இமிஃபினோ என்ற கீரைக்களியும், உம்ங்குஷோ என்ற உடைத்த சோளமும் பயறும் சேர்ந்த உணவும் கிடைக்கும். லெசோத்தோவில் அன்றாட உணவே பாப்பா என்ற மக்காச்சோளக் களியும் மொரோஹோ என்ற கீரையும்தான். நம் வீட்டுக் களிக்கும் கீரைக் கடைசலுக்கும் அவை ஒன்றுவிட்ட சகோதரங்கள். வழியில் வீட்டு வாசல் கம்பங்களில் துணிக்கொடி பறந்தால் அங்கே விற்பனை உண்டு என்று பொருள்: வெள்ளை என்றால் சோளக் கள், பச்சை என்றால் காய்கறி, சிவப்பு என்றால் இறைச்சி. சிவப்பைப் பார்த்தும் பாராமல் கடக்க வேண்டியது எங்கள் பாடு.

சமையலில் ஒரு சிக்கலை மறந்துவிடக் கூடாது. 1,800 மீட்டர் உயரத்தில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே துவரம்பருப்பும் சுகர் பீன்ஸும் எரிவாயு தீரும்வரை வேகாமல் கிடக்கும். சிவந்த மைசூர்ப் பருப்பு, அவல், ரொட்டி, வறுத்த மசாலாவில் செய்த உருளைக்கிழங்கு என்று விரைவில் ஆகக்கூடியவற்றையே எடுத்துச் செல்ல வேண்டும்.

படக்கருவியும் மிட்டாயும்

காவடி நாளில் அலகு குத்தி நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே படக்கருவியை நீட்டும் வெளியூர்க்காரரை நாம் அறிவோம். பெயர் கேட்கமாட்டார், தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கமாட்டார், படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். இந்த நாட்டில் சிறுபான்மையாக வாழும் நமக்கு, பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனவே குடிசைக்குள் நுழைந்த முதல் இரவில் படம் எடுப்பதில்லை என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். மறுநாள் கேட்டு எடுக்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். வழியெங்கும் பிள்ளைகள் ஓடிவந்து மிட்டாய் கேட்பார்கள். கொடுப்பது இரக்கம் போலத் தோன்றும், ஆனால் பல் மருத்துவர் இல்லாத மலையில் அது உபகாரம் ஆகாது, பிச்சை கேட்கும் பழக்கமும் அதில்தான் வளர்கிறது. பென்சில், நோட்டுப் புத்தகம் கொண்டுபோனால் ஊர்த் தலைவரிடமோ பள்ளியிலோ கொடுக்கலாம்.

எல்லையும் சாலையும்

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு லெசோத்தோ செல்ல விசா வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே வேலை செய்கிறவர்கள் முன்பே விசாரித்து, திரும்பி நுழைவதற்கான அனுமதியையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவரோ மாமன் சித்தப்பனோ அழைத்துச் சென்றால், முழு விவரப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். கார் வங்கிக் கடனில் இருந்தால் எல்லை தாண்ட வங்கியின் கடிதம் தேவை. லெசோத்தோ நாணயமான லோட்டிக்கும் நம் ராண்டுக்கும் மதிப்பு ஒன்றே, ராண்டை அங்கே வாங்கிக்கொள்வார்கள். மிச்சமாகும் லோட்டியை மட்டும் எல்லைக்கு முன்பே செலவழித்துவிட வேண்டும், டர்பனில் யாரும் தொடமாட்டார்கள். கடலோர வழிக்கு இந்தக் காகிதத் தொல்லை எதுவும் இல்லை. இரண்டு வழிகளிலும் இருட்டிய பிறகு காரோட்டக் கூடாது, ஏனென்றால் மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும்.

எங்கள் முடிவு

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு இந்த முறை மலேயாலேயா என்று முடிவாயிற்று. கடலோர வழி அருகில் இருக்கிறது, மொழி தெரியும், மாப்பிள்ளைக்கு ஏற்றது, காகிதத் தொல்லை இல்லை. தனித்தனியாக எண்ணினால் அதற்கே கூடுதல் மதிப்பெண் விழுகிறது என்று தங்கை சுட்டிக்காட்டியது உண்மை. ஆனால் நாங்கள் புறப்படுவது கிராமங்கள் வழியே போவதற்காக. அதற்கு ஊராரே குதிரையில் போய்வரும் பாதைதான் பொருத்தம் என்ற ஒரு காரணம், மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கனமாகத் தெரிந்தது. மாதமும் உணவும் அதற்குத் துணை நின்றன. கைக்குழந்தையோ மூட்டுவலிக்காரரோ கூட்டத்தில் இருந்திருந்தால், அல்லது நான்கு நாள் மட்டுமே இருந்திருந்தால், நானே ம்சாம்பாவுக்குத்தான் கை தூக்கியிருப்பேன். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பிறகு, மே மாதத்தில், அங்கே போவதாக இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

ரிபானெங்குக்கு இரண்டு இரவு, ஐந்து சவாரிக் குதிரைகள், ஒரு சுமைக் குதிரை, நடந்து வரும் ஒருவர் என்று விடுதிக்கு எழுதியாகிவிட்டது. அதுவரை ஞாயிறுதோறும் காலையில் மருமகள் பயிலும் சவாரிப் பள்ளியில் நாங்கள் நால்வரும் ஒரு மணி நேரம் பழகப் போகிறோம். முதல் பாடம் குதிரையின் பின்பக்கமாகப் போகாமல் இருப்பதாம்.